கூட்டம் வந்தது பிரசுரத்தாலா, தீபாவளியாலா? கூப்பனை எண்ணிப் பார்க்கும் பழைய சிகாகோ முறை

சிங்கப்பூரின் தேக்காவில் பலகாரக் கடை வைத்திருப்பவர் தீபாவளிக்கு ஆயிரம் துண்டுப் பிரசுரம் அடிக்கிறார். கூட்டம் வருகிறது. பிரசுரம் அடிக்காமல் இருந்திருந்தால் வந்திருக்காதா என்று கேட்டால் பதில் இல்லை.

நூறு ஆண்டுக்கு முன் அமெரிக்க விளம்பர நிறுவனங்களுக்கும் இதே சங்கடம்தான். அவர்களுக்கு வருமானம், பத்திரிகையில் இடம் வாங்கிக் கொடுப்பதற்கான கமிஷன். பெரும்பாலும் 15 விழுக்காடு. சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் அது வந்துவிடும். பத்திரிகைகளோ தங்கள் விற்பனையை ஊதிப் பெருக்கிச் சொல்லும். அதைத் தணிக்கை செய்யும் அமைப்பு அங்கே 1914இல்தான் பிறந்தது. ஆகவே பணம் போட்ட வியாபாரி நம்பக்கூடிய எண் ஒன்றே ஒன்று: வாசகர் வெட்டி அனுப்பிய கூப்பன். சிகாகோவின் லார்ட் அண்ட் தாமஸ் நிறுவனம் அதை எண்ணியே தொழில் நடத்தியது. அங்கே எழுதிய கிளாட் ஹாப்கின்ஸ், 1923இல் இந்த முறையை ஒரு சிறு நூலாகவே எழுதி வைத்தார்.

1920களின் பெப்சொடென்ட் பற்பசை விளம்பரம் ஒன்றைப் பாருங்கள். பத்து நாளுக்கான டியூப் இலவசம் என்ற கூப்பன். அதில் சிகாகோ முகவரி, முகவரியில் ‘டிபார்ட்மென்ட்’ என்று ஓர் எண். அந்த எண்ணில் தனிப் பிரிவு எதுவும் கிடையாது. எந்தப் பத்திரிகையில் வந்த எந்த விளம்பரம் என்பதற்கான அடையாளம் அது. உங்களுக்கு வேண்டியதும் இவ்வளவுதான்.

ஏ5 அளவில் இரண்டு பிரசுரம் தயாரியுங்கள், ஒவ்வொன்றும் 500. படம், விலை, தாள், நிறம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். தலைப்பு மட்டும் வேறு. தலைப்போடு விலையையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது. முதல் பிரசுரத்தில் வழக்கம்போல ‘தீபாவளி சிறப்பு முறுக்கு’. இரண்டாவதில் காரணம் சொல்லுங்கள்: ‘காலையில் பொரித்தது, பொரித்த தேதி பொட்டலத்தின் மேலேயே’. ஷ்லிட்ஸ் பீருக்கு எழுதியபோது ஹாப்கின்ஸ் செய்தது இதைத்தான். புட்டிகளை இயந்திரத்தில் நான்கு முறை கழுவுவதை விவரமாக எழுதினார். எல்லா ஆலைகளும் அப்படித்தான் கழுவின. வெளியே சொன்னவர் எவருமில்லை. எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவே. மத்தியானம் பொரித்தால் மத்தியானம் என்றே போடுங்கள்.

கூப்பன் கீழ் ஓரத்து மூலையில், புள்ளிக் கோட்டுக்குள், 5 x 7 சென்டிமீட்டர். தாளின் நடுவில் வைத்தால் கிழிக்கச் சோம்பல்படுவார்கள். குறியீட்டைக் கூப்பனுக்கு உள்ளேயே அச்சிடுங்கள்: மு1, மு2. பலரும் அதைத் தாளின் தலைப்பில் போட்டுவிடுவார்கள். கிழித்த பிறகு அது வீட்டிலேயே தங்கிவிடும். கொண்டுவந்தால் 100 கிராம் முறுக்கு இலவசம், இன்ன தேதி வரை என்று எழுதுங்கள். 14 நாள் போதும். மாதிரிப் பொட்டலத்தைப் பிரசுரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கேட்டு வருபவருக்குக் கொடுப்பதுதான் மாதிரி. கையில் திணித்தால் அது வெறும் செலவு.

அச்சகத்திலிருந்து வந்ததும் இரண்டையும் மாற்றி மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே கட்டாக அடுக்குங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் வரும் கூட்டம் வேறு, செவ்வாய்க்கிழமை காலையில் வருவது வேறு. ஒரு பிரசுரம் ஞாயிறும் மற்றது செவ்வாயும் போனால், நீங்கள் அளப்பது தலைப்பை அல்ல, கிழமையை.

கல்லாவில் இரண்டு உறை வையுங்கள். வாங்கிய கூப்பனின் பின்பக்கம் தேதியையும் அன்றைய பில் தொகையையும் எழுதி உள்ளே போடச் சொல்லுங்கள். அமெரிக்கக் கூப்பன் தபாலில் போனதால் அதற்குப் பெயரும் முகவரியும் தேவைப்பட்டன, உங்களுக்குத் தேவையில்லை. பிறகு செய்தி அனுப்பத் தொலைபேசி எண் வேண்டுமென்றால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எதற்கென்று சொல்லிச் சம்மதம் பெறுங்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே வேண்டாம்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் கல்லாவில்தான். கூப்பன் இல்லாத பழைய வாடிக்கையாளருக்கும் முகதாட்சண்யத்துக்காக, கிடக்கும் கூப்பன் ஒன்றை எடுத்து உறையில் போட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள். கொடுங்கள், உறையில் மட்டும் எதுவும் போடாதீர்கள். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சுற்றும் கூப்பன் படம். ஒரே மு2 ஐம்பது கைப்பேசியில் வந்து நிற்கும். தாள் கூப்பனுக்கு மட்டுமே என்று முன்பே அச்சிட்டுவிடுங்கள்.

இனி எண்ணுங்கள். மு1 10, மு2 16 வந்தால் இரண்டாவது வென்றது என்று துள்ள வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 26. அதன் வர்க்கமூலம் சுமார் 5, இரட்டித்தால் 10. வித்தியாசம் இந்த 10ஐத் தாண்டினால்தான் நம்பலாம். இங்கே 6 மட்டுமே, தற்செயலாகவும் இருக்கலாம். 10க்கு 28 என்றால் கூட்டுத்தொகை 38, வர்க்கமூலத்தின் இருமடங்கு சுமார் 12, வித்தியாசம் 18. இதை நம்பலாம். அச்சுச் செலவு ஒவ்வொரு பிரசுரத்தின் 500 தாளுக்கும் 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு கூப்பனுக்கு முதலாவதில் 6 வெள்ளி, இரண்டாவதில் 2 வெள்ளி 14 காசு. முறுக்கின் அடக்கவிலையை இதோடு சேருங்கள். பிறகு பின்பக்கத்துப் பில் தொகைகளைப் பாருங்கள். இலவசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்கள் எந்த உறையில் அதிகம் என்பது அங்கே தெரியும்.

கெடு முடிந்த பிறகும் சிலர் கூப்பனோடு வருவார்கள். முகம் சுளிக்காமல் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் கூப்பனை மூன்றாவது உறையில் போடுங்கள்.