விம்மில் ஒரு சொல்லை மாற்ற: டபிள்யூ செய்யும் குழப்பம்

விம் என்ற உரை எடிட்டரில் 'டபிள்யூ' (w) விசை என்றால் அடுத்த சொல்லின் தொடக்கம் வரை. ஆனால் மாற்றும் கட்டளையான 'சி'யோடு (c) சேரும்போது மட்டும் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

'பழைய வீடு' என்று இருக்கிறது, கர்சர் 'ழை' மேல் நிற்கிறது. நீக்கும் கட்டளையான 'டி'யைச் (d) சேர்த்து 'டி டபிள்யூ' அடித்தால் இடைவெளியும் சேர்ந்து போய் 'பவீடு' என்று ஒட்டிக்கொள்ளும். அதே இடத்தில் 'சி டபிள்யூ' அடித்து 'ச்சை' என்று தட்டினால் 'பச்சை வீடு' அழகாக வந்துவிடும். இடைவெளியை அது தொடவே தொடாது. இது பிழை இல்லை, விம்மின் முன்னோடியான பழைய வீஐ (vi) எடிட்டர் காலத்திலிருந்து வரும் விதிவிலக்கு. சொல்லை மாற்றும்போது பின்னால் இருக்கும் இடைவெளி யாருக்கும் தொந்தரவில்லை என்பதால், எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அப்போ சொல்லின் முடிவு வரை மாற்றும் 'சி இ'யும் (ce) இதுவும் ஒன்றுதானே? கிட்டத்தட்ட. கர்சர் சொல்லின் கடைசி எழுத்தில் இருந்தால் 'சி டபிள்யூ' அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுக்கும். 'சி இ' அடுத்த சொல்லையும் விழுங்கிவிடும். கவனம்.

இத்தனையும் நினைவில் வைக்க வேண்டாம் என்றால் 'சி ஐ டபிள்யூ' (ciw) பழகிக்கொள்ளுங்கள். சொல்லின் நடுவில் எங்கே நின்றாலும் முழுச் சொல்லும் மாறும். அப்புறம் அடுத்த இடத்துக்குப் போய் புள்ளியைத் தட்டினால் அதே மாற்றம் அங்கேயும் நடக்கும். சொல்லை இடைவெளியோடு நீக்க 'டி ஏ டபிள்யூ' (daw).