பிரேக், சில்லு வேலைக்குப் பெரிய எஸ்டிமேட் தந்துவிட்டார்களா? காசு கட்டுவதற்கு முன் இப்படிப் பாருங்கள்

போன மாரி முடிந்த கையோடு அக்காவின் காரைக் கம்பனி சேவிஸுக்குக் கொண்டுபோனோம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் உரசும் சத்தம். வேகமாகப் போனால் வண்டு இரைவது போல ஓர் இரைச்சல். பின்னேரம் ஒரு தாளை நீட்டினார்கள். முன் டிஸ்க் (சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்பு வட்டு) இரண்டு, பாட் (அந்த வட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) செட் ஒன்று, கலிப்பர் (பாட்டை அழுத்தும் பாகம்) இரண்டு, முன் ஹப் பெயரிங் (சில்லு இலகுவாகச் சுற்ற நடுவில் இருக்கும் பாகம்) இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து 286,000 ரூபா. "உடனே செய்யாவிட்டால் ஓட்டுறது ஆபத்து, மிஸ்" என்று அக்காவிடம் சொன்னார்கள். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. அந்தத் தொகையைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

அந்தத் தாளில் இருந்ததில் பாட் செட்டும் இடது பக்கப் பெயரிங்கும்தான் உண்மையாகவே மாற்ற வேண்டி இருந்தன. மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. ஸ்பானரே பிடித்துப் பழகாதவர்களும் செய்யக்கூடியபடி அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எப்போது சந்தேகப்படக் கூடாது

மிதித்தால் பெடல் நிலம்வரை போகிறதா? சில்லின் உள்பக்கம் எண்ணெய் வடிந்த தடம் இருக்கிறதா? பிரேக் ஒயில் தாங்கியில் மட்டம் அடிக் கோட்டுக்குக் கீழே இறங்கிச் சிவப்பு லைட் எரிகிறதா? இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம் கேட்கிறதா? சில்லு கையோடு ஆடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காரை ஓட்ட வேண்டாம். லொறியில் ஏற்றிக் கிட்டிய கராஜுக்குக் கொண்டுபோங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், இருட்டில் யானை றோட்டுக்கு வந்தால் மிதித்த உடனே நின்றாக வேண்டும். மிச்சம் பிடிக்கிற காசு அதற்குப் பெறுமதி இல்லை.

இவை எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு இரண்டொரு நாள் அவகாசம் இருக்கிறது.

படி 1: தாளை வாங்குங்கள், கையெழுத்து வைக்காதீர்கள்

வாயால் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளின் விலையும் அதைப் பூட்டும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, மரியாதையாகவே கேளுங்கள்: "அண்ணன், இது எந்தச் சில்லு? இப்ப அளவு எவ்வளவு இருக்கு? எத்தனைக்குக் கீழ போனா மாத்தணும்? எனக்கு ஒருக்கா காட்ட ஏலுமா?"

பிரேக்கைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட எல்லாத் தேய்மானத்துக்கும் ஓர் எண் உண்டு. பாட் இத்தனை மில்லிமீற்றர், டிஸ்க் இத்தனை மில்லிமீற்றர் என்று சொல்ல முடியும். அளந்து பார்த்தவர் உடனே சொல்வார். எங்களுக்குக் கிடைத்த பதில் "தேஞ்சு போச்சு, துருப் பிடிச்சிருக்கு" என்பதுதான். எவ்வளவு என்று மூன்று தரம் கேட்டும் எண் வரவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் காக்கும் அமைப்பு) லைட் எரிந்து அதற்காக ஏதும் மாற்றச் சொன்னால், ஸ்கேன் பண்ணியபோது வந்த பிழைக் கோட் என்ன என்று கேட்டு அதையும் தாளில் எழுதி வாங்குங்கள். சில நேரம் சில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சரில் சேறு ஒட்டியிருந்தாலே அந்த லைட் எரியும்.

படி 2: ஆளில்லாத றோட்டில் காதைத் தீட்டுங்கள்

நாங்கள் விடியற்காலையில் நிலாவெளி றோட்டுக்குப் போனோம். நேரான, சனம் குறைந்த எந்த றோட்டும் சரிதான். ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 50 கிலோமீற்றர் வேகத்தில் போங்கள். ஒருவர் ஓட்ட மற்றவர் கேட்பது நல்லது.

பெயரிங் போனால் 'ஊ' என்று ஓர் இரைச்சல் வரும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும், பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இருக்கும். பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். அப்போது காரின் பாரம் இடது சில்லுகளில் விழும். இரைச்சல் கூடினால் இடது பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். இடப்பக்கம் சாய்க்கும்போது கூடினால் வலது. எங்கள் காரில் வலப்பக்கம் சாய்த்தபோது மட்டும் கூடியது, மற்றப் பக்கம் சாய்த்தால் அடங்கியது. அப்படியென்றால் வலது பெயரிங்கை எதற்கு மாற்றச் சொன்னார்கள்?

டயரும் இதே மாதிரி இரையும். தார் மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் டயர்தான் பெரும்பாலும் காரணம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பூட்டி ஓடிப் பாருங்கள். சத்தமும் பின்னுக்குப் போனால் பெயரிங்கில் பிழை இல்லை.

நடுக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் தொடாமலே வேகத்தில் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பலன்ஸ், அல்லது றிம் நெளிவு. பலன்ஸ் பண்ணுவது டயர் கடையில் சின்னச் செலவு. அதற்குப் பதிலாக டிஸ்க்கை மாற்றினால் காசும் போகும், நடுக்கமும் போகாது.

படி 3: பாட்டையும் டிஸ்க்கையும் கண்ணால் பாருங்கள்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இந்தப் படிதான்.

காரைச் சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். எங்கள் ஊரில் பாதி வளவு மணல்தான், ஜாக் புதைந்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஜாக்கின் கீழே தடித்த பலகை வையுங்கள். ஹான்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் இளக்கி, அப்புறம் தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் காருக்கு அடியில் விடக் கூடாது. கழற்றிய சில்லைக் காருக்கு அடியில் படுக்க வைத்தால் ஜாக் வழுக்கினாலும் ஒரு பிடி இருக்கும். ஹைபிரிட் கார் என்றால் பவரை முழுவதும் நிறுத்துங்கள், பக்கத்தில் நின்று பார்ப்பதோடு விடுங்கள், பிரேக் பாகம் எதையும் கழற்ற வேண்டாம். அவற்றின் பிரேக்கில் தானாக அழுத்தம் ஏறும்.

இப்போது டோர்ச் அடித்துக் கலிப்பரின் மேலே உள்ள இடைவெளியால் பாருங்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாட் இருக்கும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, அதில் ஒட்டியிருக்கும் உராயும் பகுதியின் தடிப்பை மட்டும் பாருங்கள். புதிதில் அது பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றும் நேரம். புதிதாகப் பார்க்கிறவர்கள் விடும் பிழை, வெளிப் பாட்டை மட்டும் பார்த்துவிட்டு எழும்புவது. உள் பாட்டையும் கட்டாயம் பாருங்கள், போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தாலும் சரி. எங்கள் இடது சில்லில் வெளிப் பாட் 7 மில்லிமீற்றர், உள் பாட் 2 மில்லிமீற்றர். வலது சில்லில் இரண்டும் 6.

இந்த வித்தியாசமே நோயைச் சொல்லிவிடுகிறது. கலிப்பர், பின் (pin) என்கிற இரண்டு கம்பிகளில் உள்ளும் வெளியுமாக வழுக்க வேண்டும். இந்தக் கம்பி இறுகினால் உள் பாட் மட்டும் எப்போதும் உரசித் தேயும். கம்பியைக் கழற்றித் துடைத்து, றப்பர் உறை கிழியவில்லை என்றால் பிரேக்குக்கென்று வரும் சிலிக்கன் கிறீஸ் பூசிப் பூட்டினால் பெரும்பாலும் சரி. சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும், அதைப் பூசக் கூடாது. பாட்டைத் தள்ளும் பிஸ்டனே இறுகியிருந்தால்தான் சீல் கிட் (அதன் றப்பர் வளையங்கள்) அல்லது கலிப்பர் என்ற கதை வரும். எங்களிடம் இரண்டு கலிப்பருக்கு விலை போட்டிருந்தார்கள்.

அடுத்தது டிஸ்க். திருகோணமலையில் உப்புக் காற்று, மாரியில் ஈரம். ஓர் இரவு நிறுத்தினாலே டிஸ்க் செம்மண் பூசியது போலாகிவிடும். காலையில் நாலைந்து தரம் பிரேக் பிடித்தால் அது உரசிப் போய்விடும். அந்தத் துருவைக் காட்டி டிஸ்க் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாட் உரசும் வட்டத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் ஆழமான குழிகள், வெடிப்பு, தகடு தகடாக உரிதல் என்றால் அது வேறு விஷயம்.

தடிப்பை அளக்க வேர்னியர் வேண்டும். டிஸ்க்கின் நடுப் பகுதியிலோ விளிம்பிலோ, குறைந்தபட்சத் தடிப்பு என்ன என்று ஆங்கிலச் சுருக்கத்தோடு ஓர் எண் பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். ஓடிய டிஸ்க்கின் விளிம்பில் ஒரு வரம்பு நிற்கும், அதன் மேல் வேர்னியரை வைத்தால் தடிப்புக் கூடுதலாகக் காட்டும். அதனால் வரம்புக்கு உள்ளே, டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை வைத்துச் சேர்த்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிப்பைக் கழித்துவிடுங்கள். எங்களுக்கு வந்தது 21.3 மில்லிமீற்றர். டிஸ்க்கில் பொறித்திருந்த எண் 20. ஆழமான குழியும் இல்லை, பிரேக் பிடித்தால் நடுக்கமும் இல்லை. இரண்டு டிஸ்க்கும் இன்னும் ஓடும்.

படி 4: சில்லை ஆட்டிப் பாருங்கள்

சில்லைத் திரும்பப் பூட்டி, தூக்கியபடியே கியரை நியூட்ரலில் விடுங்கள். ஹான்ட் பிரேக்கும் கல்லும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு கையை மேலேயும் மற்றதைக் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று அசைவு தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அசைவு நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற் (சில்லைத் தாங்கும் பாகத்தின் மூட்டு) போன்ற வேறு இடம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டியரிங்கின் டை றொட் பக்கம் பார்க்க வேண்டும்.

பிறகு சில்லைச் சுற்றிவிட்டு, உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கை விரல் நுனியால் தொடுங்கள். சுற்றும் பாகத்தில் விரல் படாமல் கவனம். நல்ல பெயரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, பழுதானது மண்ணை அரைப்பது போல விரலில் தெரியும். அக்காவே இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இடது பக்கம்தான்" என்றார். பின் சில்லுகளில் ஹான்ட் பிரேக்கை விட வேண்டி வரும், ஆகவே புதியவர்கள் அவற்றைக் கராஜுக்கே விட்டுவிடுவது நல்லது.

படி 5: இன்னொரு கராஜில் கேளுங்கள், முதல் தாளைக் காட்டாதீர்கள்

தாளைக் காட்டினால் அதையே ஒப்பிக்கவோ, அதிலிருந்து கொஞ்சம் குறைத்துச் சொல்லவோதான் தோன்றும். "பிரேக் பிடிச்சா உரசுது, ஓடேக்க இரையுது, வடிவாப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். பார்க்கும் கூலியைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள், அவருடைய நேரத்துக்கும் மதிப்பு உண்டு. நாங்கள் போன கராஜ் அண்ணன் அரை மணித்தியாலத்தில் நாங்கள் கண்ட அதே இரண்டையும் சொன்னார்.

படி 6: திரும்பப் போய்ப் பேசுங்கள்

சண்டைக்குப் போக வேண்டாம். எழுதிய அளவுகளையும் படங்களையும் வைத்து, "டிஸ்க் 21.3 இருக்கு, 20 வரைக்கும் ஓடலாம் எண்டு அதிலயே இருக்கு. அப்ப ஏன் மாத்தணும்?" என்று கேளுங்கள். சரியான காரணம் இருந்தால் சொல்வார்கள், அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். எங்களுக்குச் சொன்ன பதில், "கம்பனி முறைப்படி எல்லாத்தையும் செட்டாத்தான் மாத்துவம்" என்பது. பாட்டுக்கு அது சரி. பாட், டிஸ்க் இரண்டையும் எப்போதும் ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். பெயரிங்குக்கு அந்த விதி இல்லை. நல்லதாக இருக்கும் பெயரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை.

பொருளின் விலையை வெளியிலும் விசாரியுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது, இடையில் 2022இல் ரூபாவும் விழுந்தது. பழைய கார்களையே எல்லோரும் வைத்து ஓட்டுகிறோம், பாகங்களின் விலையும் கடைக்குக் கடை வேறு. சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் விலை கேட்டு, பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம். ஆனால் பெட்டியும் பெயரும் இல்லாத மலிவுப் பாட்டை மட்டும் வாங்காதீர்கள்.

படி 7: வேலை முடிந்த பின்

கழற்றிய பழைய சாமான்களைத் தரச் சொல்லுங்கள். இதை வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாகமும் கூலியும் பிரித்து எழுதிய பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டதாக உறுதியாகத் தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்லாமல் சேவைக்கும் பொருந்தும். வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பில் இல்லாமல் போனால் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

புதுப் பாட் பூட்டியதும் கார் நகரும் முன் பெடலைப் பல தரம் மிதித்து இறுக்கம் வருகிறதா என்று பாருங்கள். முதல் தரம் மிதித்தால் பெடல் உள்ளே போகும், அதோடு வளவை விட்டு வெளியே எடுத்தால் சுவரில்தான் போய் நிற்கும். முதல் சில நாட்களுக்குத் திடீரென்று அழுத்திப் பிடிக்காமல், சீராகப் பிடித்துப் பாட்டையும் டிஸ்க்கையும் பழக விடுங்கள். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை எதிரும் புதிருமாக மறுபடி இறுக்கிப் பாருங்கள். அக்காவின் காரில் ஒரு நட் கால் சுற்று இளகியிருந்தது.