முதலில் காது, அப்புறம் அர்த்தம்: ஆட்டிசம் உள்ளவர்களோடு பாட்டு வரிகளைக் கேட்பது எப்படி

"இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்கிறோம். பதில் வரவில்லை என்றால் புரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரம் சிக்கல் அர்த்தத்தில் இருக்காது. வரியே சொல்லாகக் காதில் விழுந்திருக்காது. ஆட்டிசம் உள்ள பலருக்குச் செவித்திறன் பரிசோதனையில் எந்தக் குறையும் தெரியாது. ஆனாலும் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது அவர்களுக்குக் கடினம். பாட்டில் தபேலா, வயலின், கோரஸ் எல்லாமே சொல்லோடு போட்டி போடுகின்றன. அவர்களிலேயே சிலர், சுருதி இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். மெட்டு முழுசாக உள்ளே போயிருக்கும், சொல் பாதி வாசலிலேயே நின்றிருக்கும். இதற்கு நேரெதிராக, எல்லா வரியும் மனப்பாடம், ஆனால் ஒரு வரிக்கும் பொருள் கேட்டதில்லை என்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். பல்லவியை மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். "காதில் விழுந்ததை அப்படியே சொல்லு, அர்த்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். எழுத வசதிப்படுபவர் எழுதலாம். "மாலையிலே மழைவந்தால் மனமெல்லாம் ஈரமடி" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெட்டு அதை "மாலை... யிலேம... ழைவந்தால்" என்று வெட்டியிருக்கும். கேட்பவர் "யிலேம" என்று ஒரு சொல் இருப்பதாக எழுதியிருப்பார். அவர் கேட்டது சரிதான், பாடகர் அப்படித்தான் பாடியிருக்கிறார். "தப்பு" என்று சொல்லாமல், அந்த வரியை நீங்கள் பேச்சு வழக்கில் ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு அதே இடத்தை மறுபடி ஓடவிடுங்கள்.

சென்னையில் இதற்கு நேரம் பார்க்க வேண்டும். ஆடி மாதத்தில் தெருக்கோடியில் குழாய் ஸ்பீக்கர் அலறும்போதோ, சாயங்காலம் ஹாரன் சத்தம் உச்சத்தில் இருக்கும்போதோ உட்கார வேண்டாம். காலை சமையல் முடிந்து குக்கர் ஓய்ந்த நேரம் நல்லது. மின்விசிறி ஐந்தில் ஓடினால் இரண்டுக்குக் குறையுங்கள். அந்த 'விர்' சத்தத்தில் சொல்லின் மெல்லிய ஒலிகள் கரைந்துபோகும். காதைச் சுற்றி மூடும் ஹெட்ஃபோன், காதுக்குள் செருகும் வகையைவிடப் பலருக்குத் தாங்கும். செருகுவதன் கூச்சமே சிலருக்குப் பாட்டை மறக்கடித்துவிடும். ஒலி அளவில் கவனம் தேவை: குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் நிறைந்துவிடும். விளம்பரம் குறுக்கே வராதபடி பாட்டை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். சரணத்தின் நடுவில் திடீரென சோப்பு விளம்பரம் வெடித்தால் அன்றைய முயற்சி அத்தோடு சரி.

வேகத்தை 0.75-க்குக் குறைத்தால் சொல் தெளியும் என்று தோன்றும். முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். வேகம் குறைந்தால் குரலின் தன்மை மாறும். நுட்பமான காது உள்ளவர்களுக்கு அது வேறு பாட்டு, சிலருக்கு வலி. தாளில் எழுதித் தருவது மேல். 18 பாயின்ட் அளவில் பெரிய எழுத்து, வரிக்கு ஒரு வரி, சந்தி பிரித்து. "(2)" என்று போடாமல், இரண்டு முறை பாடினால் இரண்டு முறையும் எழுதுங்கள். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாவிட்டால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பிழை மலிந்திருக்கும். ஒரு தடவை நீங்களே கேட்டுத் திருத்திவிட்டுக் கொடுங்கள்.

'போல' என்ற சொல்லைச் சேருங்கள்

ஆட்டிசம் என்றாலே உருவகம் புரியாது என்பது தவறான எண்ணம். சொல்வளமும் மொழித்திறனும் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே உருவகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பல நேரம் தடுமாற்றம் வருவது சொல் பழக்கமில்லாததால்தான். வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாட்டில் வரும் தமிழ் வேறொன்று.

பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே கைகொடுக்கும். உவமைக்கு 'போல' என்ற உருபு, வெளியே தெரிந்தோ மறைந்தோ, உண்டு; உருவகத்தில் அது இல்லை, மறைந்தும் இருக்காது, இரண்டையும் ஒன்றென்றே சொல்லிவிடும். 'மதிமுகம்' என்றால் நிலா போன்ற முகம். 'முகமதி' என்றால் முகமே நிலா. இரண்டாவதுதான் சொல்லுக்குச் சொல் படிப்பவரை நிறுத்தி வைக்கும். ஆகவே "உன் கண்ணிரண்டும் தீபம்" என்ற வரிக்குக் கீழே பென்சிலில் "உன் கண்ணிரண்டும் தீபம் போல" என்று எழுதுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. தீபத்தில் வெளிச்சம் இருக்கிறது, சூடு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, கரியும் இருக்கிறது. கவிஞர் எதை எடுத்தார்? "வெளிச்சம் மட்டும்" என்று நீங்கள் சொல்லாத வரை, கண் சுடுமோ என்று ஒருவர் நினைத்தால் அது அவர் தப்பில்லை. அவராகவே வேறு பொருத்தம் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பல நேரம் நமக்குத் தோன்றாத பொருத்தமாக இருக்கும்.

அடுத்த சிக்கல், யார் பேசுகிறார்கள் என்பது. நம் சினிமாவில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர், எழுதியவர் மூன்றாமவர். "அழுகிறேன்" என்றால் அழுவது யார்? தாளின் தலைப்பில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: குரல் யாருடையது, கதையில் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார். டூயட்டில் 'நான்' வரிக்கு வரி ஆள் மாறும். இரண்டு நிறப் பேனா போதும். மார்கழியில் பாசுரம் கேட்பவர்களுக்கும் இது தேவை. நம்மாழ்வார் தலைவியின் குரலில் பாடும் இடங்கள் உண்டு. முன்பே சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

சில வரிகளைச் சும்மா கடந்துபோகக் கூடாது

"நீ இல்லாவிட்டால் செத்துவிடுவேன்" என்ற மாதிரி வரிகள் காதல் பாட்டில் சர்வசாதாரணம். கேட்டுப் பதறுபவர்களிடம் சிரிக்காதீர்கள். "யாரும் சாகவில்லை. ரொம்பப் பிடிக்கும் என்பதைப் பெரிதாக்கிச் சொல்கிறார்" என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டில் அல்லாமல் தன்னைப் பற்றி அவரே அப்படிச் சொன்னால், அதைப் பாட்டு வரி என்று தள்ளிவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொரு வகை, துரத்தும் பாட்டு. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவன் பின்னாலேயே போவான், கடைசியில் அவள் சிரிப்பாள். இதை ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ளும் வளரிளம் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆட்டிசம் இல்லாதவர்களும்தான். ஆனால் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் பஸ் ஸ்டாப்பில் அப்படி நடந்துகொண்டால் அவன் நோக்கத்தை யாரும் விசாரிக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்கும் அச்சம், அவனுக்கும் அடி. பூடகமாகச் சொல்வது இங்கே உதவாது. "பாட்டில் வருவது நடிப்பு. நிஜத்தில் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். பதில் பேசாவிட்டாலும் வேண்டாம்தான். பின்னால் போகக் கூடாது" என்று எழுதி அந்தப் பாட்டுத் தாளிலேயே ஒட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: பின்னால் வருவதைப் பிடித்திருப்பதாகக் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

உணர்ச்சியைக் கேட்கும் விதம்

பமீலா ஹீட்டனும் சக ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மெட்டைக் கேட்டு மகிழ்ச்சி, சோகம் என்று மற்ற குழந்தைகளுக்கு இணையாகவே பிரித்துச் சொன்னார்கள். மெட்டின் உணர்ச்சி போய்ச் சேருகிறது. ஆனால் தன் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது கடினம் என்ற நிலை, அதாவது அலெக்சிதைமியா, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. ஆகவே "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தை மறுபடி போடட்டும்?" என்று கேளுங்கள். "உடம்பில் எங்கே தெரிஞ்சுது, கழுத்திலா, வயிற்றிலா?" என்றும் கேட்கலாம். காதைப் பொத்திக்கொண்டே அதே பாட்டைக் கேட்பவர்கள் உண்டு. ஒலி தாங்கவில்லை, பாட்டு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெட்டும் சொல்லும் முரண்படும்போது குழப்பம் கூடும். வடசென்னைக் கானா நல்ல உதாரணம்: சாவு வீட்டில் பாடி வளர்ந்தது, சொல் துக்கமாக இருக்கும், தாளம் ஆடவைக்கும். "ஆடுவதும் துக்கத்தில் ஒரு வகை" என்று முன்பே சொல்லுங்கள். கானாவில் வரும் வட்டாரச் சொற்கள் பல அகராதியில் இருக்காது, தனிப் பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால்

ஒருவர் ஒரே பாட்டு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அது பெரும்பாலும் பேச்சு. மனநல மருத்துவர் லியோ கேனர் 1946-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சிறுவன் வருகிறான். அவனுக்கு இரண்டு வயதானபோது தாய் "பீட்டர், பீட்டர், பம்ப்கின் ஈட்டர்" என்ற நர்சரி ரைம் சொல்லிக்கொண்டே சமையலறையில் பாத்திரத்தைக் கீழே போட்டார். அதிலிருந்து அந்த மாதிரிப் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் "பீட்டர் ஈட்டர்" என்பான். சம்பந்தமில்லாத உளறலாகத் தெரிந்தது அவன் வைத்த பெயர்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வரி, நேரம், அதற்குமுன் நடந்தது, அதற்குப்பின் நடந்தது. இரண்டு வாரம் எழுதினால் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரியும். மழை வரி வந்தால் குளிக்க வேண்டும் என்று இருக்கலாம். கரண்ட் போன இரவில் ஓடிய பாட்டாகவும் இருக்கலாம். ஊகித்தால் பதில் சொல்லிப் பாருங்கள்: "இருட்டுன்னு பயமா? டார்ச் இங்கே இருக்கு." பாட்டு நின்றால் ஊகம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். பொத்தானைத் தொட்டால் குரலில் பேசும் ஆவாஸ் போன்ற செயலி பயன்படுத்துபவர்களுக்கு அந்த வரியையே ஒரு பொத்தானாகப் போட்டுவிடலாம். "பாடாதே, ஒழுங்காப் பேசு" என்று தடுத்தால் கையிலிருந்த ஒரே சொல்லும் போய்விடும். பிடித்த பாட்டைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்க வேண்டாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் வரி முடியும் வரை காத்திருந்து நிறுத்துங்கள்.

டிசம்பர் சீசனில் சபாவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், மேடையில் பாட்டு மாறும் என்பதை வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே வரியை நிரவலில் பல விதமாகப் பாடுவார்கள், ஒலிப்பதிவில் கேட்டபடி இருக்காது. நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வேண்டாம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் உச்சத்துக்குப் போகும்போது தாங்காதவர்கள் எழுந்து வெளியே வந்துவிடலாம். தனி முடிந்ததும் பாடகர் அந்தப் பாட்டின் வரிக்கே திரும்புவார், உள்ளே வர அதுதான் வசதியான நேரம்.