1630-இல் கப்பலேறியவரைத் தேடுவது எப்படி

என் மருமகன் மாசசூசெட்ஸ்காரர். 1630-இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அழைத்து வந்த தலைவர் ஜான் வின்த்ரோப்பின் கப்பல்களில் வந்த ப்யூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கிறிஸ்தவர்கள்) வம்சம் என்று அவர் வீட்டில் பேச்சு. இருக்கலாம். ஆனால் தேடலை 1630-இல் தொடங்காதீர்கள். அந்தக் கப்பல்களுக்கு முழுப் பயணிகள் பட்டியலே கிடையாது. பேரப்பிள்ளையிலிருந்து பின்னோக்கி, தலைமுறைக்கு ஓர் ஆவணமாவது வைத்து நகருங்கள். மாசசூசெட்ஸின் பல ஊர்களுக்கு 1850 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அச்சில் உண்டு.

1600-களில் பிறப்புப் பதிவு இல்லையென்றால் உயிலைப் பிடியுங்கள். மகள்களின் புகுந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். உயிலும் இல்லையா? வாரிசுகள் நிலம் விற்ற பத்திரத்தைப் பாருங்கள். தகப்பன் பெயர் வந்துவிடும். 1631 முதல் அந்தக் குடியேற்றத்தில் வாக்குரிமை திருச்சபை உறுப்பினருக்கு மட்டும்தான். ஆகவே வாக்குரிமைப் பட்டியலில் பெயர் இருந்தால், அடுத்து திருச்சபைப் பதிவேட்டைத் தேடலாம்.

தேதியில் உஷார்! 1752-க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25. 1640 நவம்பரில் திருமணம், 1640 பிப்ரவரியில் மரணம் என்றிருந்தால் குழம்பாதீர்கள். நம் கணக்கில் அது 1641 பிப்ரவரி.

அப்புறம் இங்கிலாந்து. அதே பெயர் ஒரு கிராமத்து ஞானஸ்நானப் பதிவில் இருப்பதாலேயே அவர் உங்கள் ஆள் ஆகிவிட மாட்டார். அந்தக் குழந்தை அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதா என்று அடக்கப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.