கதகர என்று தட்டினால் கோத்தகிரி: பைத்தானில் ஒரு தேர்வுப் பட்டியல்

நீலகிரியில் ஊர்ப் பெயர் எழுதுகிற எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் ஒரே ஊர் இரண்டு மூன்று உருவங்களில் இருக்கும். தும்மனட்டி, தும்மனஹட்டி. கூக்கல்தொரை, கூக்கல்துரை. உதகமண்டலம், உதகை, ஊட்டி. பேச்சில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கை ஒரு சின்னப் பைத்தான் நிரலில் போட்டு, மாதக் கடைசியில் ஊர்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். தும்மனட்டிக்கு ஒரு தொகை வரும், தும்மனஹட்டிக்குத் தனியாக இன்னொரு தொகை வரும். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஊர்கள்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து திருத்துவதைவிட, பெயரை எழுதவே விடாமல் பட்டியலிலிருந்து எடுக்க வைப்பது நல்லது. பட்டியலோ நீளமாக இருக்கும். எண் போட்டு வரிசையாகக் காட்டினால் தேடுவதற்குள் கண் வலித்துவிடும். நாலு எழுத்து தட்டினால் பட்டியல் சுருங்கி, வேண்டிய ஊர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதைத்தான் இன்று செய்யப் போகிறோம். பைத்தானில் மாறி, பட்டியல், அகராதி என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

கருவி

எஃப்இசட்எஃப் என்று டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி ஓட்டும் சாளரத்தில், இயங்கும் ஒரு நிரல் இருக்கிறது. ஜுனெகன் சோய் உருவாக்கியது, கோ என்ற நிரலாக்க மொழியில் எழுதப்பட்டது. நிறைய வரிகளைக் கொடுத்தால் அவற்றைத் திரையில் வைத்துக்கொண்டு, நாம் தட்டத் தட்டப் பொருந்தாத வரிகளை நீக்கிக்கொண்டே போகும். அதைப் பைத்தானிலிருந்து ஒரே வரியில் அழைக்க உதவும் நூலகத்தின் பெயர் இட்டர்எஃப்இசட்எஃப். நிறுவும்போது எழுத்து மாறாமல் இருக்க, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்: ஐ, டி, இ, ஆர், எஃப், இசட், எஃப். எல்லாமே சின்ன எழுத்து. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வழக்கமான கணினிகளுக்கு எஃப்இசட்எஃப் நிரலும் இந்த நூலகத்தோடு சேர்ந்தே வந்துவிடுவதால், தனியாக வேறெதையும் நிறுவ வேண்டாம்.

பைத்தானின் சொந்தச் சொற்களை இந்த விளக்கத்தில் தமிழ் எழுத்தில் ஒலித்துச் சொல்கிறேன். இம்போர்ட் என்று படித்தால் அதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். மாறிப் பெயர்களை மட்டும் அப்படியே தமிழில் தட்டலாம். பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. பலர் இதை முயன்றே பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

முதல் படி: நிறுவுதல்

டெர்மினலைத் திறந்து, பிப் இன்ஸ்டால் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு நூலகத்தின் பெயரைக் கொடுங்கள். புதிய உபுண்டு, டெபியன் கணினிகளில் இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு மறுப்பு வரும். பயப்பட வேண்டாம். வென்வ் தொகுதியால் ஒரு மெய்நிகர் சூழலை, அதாவது இந்த வேலைக்கென்றே தனியான பைத்தான் சூழலை, உருவாக்கி, அதைச் செயல்படுத்திய பிறகு அதே கட்டளையைக் கொடுத்தால் ஏறிவிடும்.

இரண்டாம் படி: மூன்று தொடக்க வரிகள்

புதிய கோப்பு ஒன்றைத் திறங்கள். முதல் வரியில், ஃப்ரம் இட்டர்எஃப்இசட்எஃப் இம்போர்ட் இட்டர்எஃப்இசட்எஃப் என்று எழுதி, கடைசியில் ஆஸ் தேடு என்று முடியுங்கள். நூலகத்துக்கும் அதனுள் இருக்கும் செயற்கூறுக்கும் (ஃபங்ஷன்) ஒரே பெயர் என்பதால்தான் இரண்டு முறை வருகிறது. ஆஸ் போட்டதால் இனி அந்தச் செயற்கூறை நாம் தேடு என்றே அழைக்கலாம். இரண்டாம் வரியில் ஃபங்க்டூல்ஸ் தொகுதியிலிருந்து பார்ஷியல் என்பதை இம்போர்ட் செய்யுங்கள். அதன் வேலை பிறகு வரும். மூன்றாம் வரி, காட்டு = பிரிண்ட். பிரிண்டுக்குப் பின்னால் அடைப்புக்குறி போட வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

இதற்கு மேல் வருகிற பெரும்பாலான வரிகளைத் தமிழிலேயே எழுதிவிடலாம். கீழே இருப்பதை அப்படியே தட்டுங்கள், ஓடும்:

```
குறியீடு = {
    "உதகமண்டலம், ஊட்டி, உதகை": "643001",
    "குன்னூர்": "643101",
    "கோத்தகிரி": "643217",
    "கேத்தி": "643215",
    "அரவங்காடு": "643202",
    "வெலிங்டன்": "643231",
    "லவ்டேல்": "643003",
}

தேர்வு = தேடு(குறியீடு)
காட்டு(தேர்வு, குறியீடு[தேர்வு])
```

கொள்முதல் கணக்கை விட்டுவிட்டு அஞ்சல் குறியீட்டை எடுத்திருப்பது, விடை சரிதானா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. அகராதியைக் கொடுத்தால் அதன் சாவிகள் மட்டும் பட்டியலாகத் திரையில் வரும். ஊட்டிக்கு மூன்று பெயரையும் ஒரே வரியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். யார் எப்படி எழுதினாலும் அந்த ஒரே வரிக்குத்தான் வந்து சேருவார்கள்.

கோப்பை டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள். ஐடில் சாளரத்திலோ ஜூபிட்டர் நோட்புக்கிலோ இது வேலை செய்யாது. எஃப்இசட்எஃப் திரையில் வரைவதற்கு உண்மையான டெர்மினல் வேண்டும்.

மூன்றாம் படி: தட்டிப் பார்ப்பது

இனி வருவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். எஃப்இசட்எஃப் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் தட்டிய எழுத்துகள் அந்த வரியில் அதே வரிசையில் வருகின்றனவா? நடுவில் எத்தனை எழுத்தைத் தாண்டினாலும் அதற்குக் கவலையில்லை. ஆங்கிலத்தில் இது வசதி. தமிழில் வசதி இன்னும் கூடுதல். காரணம், யூனிகோடு தமிழை வைத்திருக்கிற முறை.

கோ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு க ஒரு குறி, அதன் பின்னால் ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. த் என்பதும் த, புள்ளி என இரண்டு. அப்படியானால் கோத்தகிரி என்ற சொல் கணினிக்குள் க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று வரிசையாக நிற்கிறது. தாண்டிப் போகலாம் என்றால் உயிர்க்குறிகள், புள்ளி எல்லாவற்றையும் தாண்டலாம்! கதகர என்று தட்டினால் கோத்தகிரி வந்து நிற்கும். கனர என்றால் குன்னூர்.

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, என்ன நடக்கிறது என்று பாருங்கள். கத என்றதும் கோத்தகிரி, கேத்தி இரண்டும் நிற்கும். கூடவே ஊட்டி வரியும் நிற்கும். உதகமண்டலத்தில் ஒரு க, கடைசியில் இருக்கும் உதகையில் ஒரு த கிடைத்துவிட்டதே! அந்த இரண்டும் வெகுதூரம் தள்ளி நின்றாலும் வரிசை சரியாக இருக்கிறது.  கதக என்றதும் கேத்தி போய்விடும். ர சேர்த்ததும் கோத்தகிரி மட்டும் மிஞ்சும்.  அம்புக்குறியால் மேலே கீழே நகரலாம், என்டர் அழுத்தினால் தேர்வாகிவிடும்.

எழுத்து வேறுபாடுகளும் இப்படியே தீர்ந்துவிடுகின்றன. தமனடட என்பது தும்மனட்டிக்கும் பொருந்தும், ஹகரத்தைத் தாண்டிக்கொண்டு தும்மனஹட்டிக்கும் பொருந்தும். ககலதர என்றால், பட்டியலில் கூக்கல்தொரை என்று இருந்தாலும் கூக்கல்துரை என்று இருந்தாலும் கிடைக்கும். தொரையா துரையா என்று தட்டுகிறவர் யோசிக்கவே வேண்டியதில்லை.

விசைப்பலகையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். தமிழ் 99 முறையில் க என்ற விசையை அழுத்தினால் க தான் வரும், அதனால் இந்த வழி தடையில்லாமல் நடக்கும். ஒரே எழுத்தை இரண்டு முறை அழுத்தினால் அதுவாகவே புள்ளி வைத்து ட்ட என்று ஆக்கும். தும்மனட்டியில் அந்தப் புள்ளி இருப்பதால் அதிலும் கெடுதல் இல்லை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கே என்ற ஆங்கில எழுத்தைத் தனியாகத் தட்டினால் க் என்று புள்ளியோடு வரும். அப்படி நாலையும் தட்டினால் க்த்க்ர் என்று நாலு புள்ளி வரும், கோத்தகிரியில் இருப்பதோ ஒரே புள்ளி, ஆகவே பொருந்தாது. ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஏ சேர்த்து க என்று ஆக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒன்றுக்கு மேல் எடுப்பது

இலை எடுக்கப் போகும் லாரி இன்று எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று குறிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். பார்ஷியலுக்கு இப்போது வேலை வருகிறது. ஒரு செயற்கூறுக்குச் சில அமைப்புகளை முன்கூட்டியே கொடுத்துப் புதுப் பெயரில் வைத்துக்கொள்ள அது உதவும். பலதேடு = பார்ஷியல் என்று எழுதி, அடைப்புக்குள் தேடு, ஒரு காற்புள்ளி, அப்புறம் மல்ட்டி = ட்ரூ என்று கொடுங்கள். ட்ரூவின் முதல் எழுத்து பெரிய எழுத்து. பிறகு:

```
ஊர்கள் = ["கட்டபெட்டு", "கக்குச்சி", "தும்மனட்டி",
         "கூக்கல்தொரை", "நெடுகுளா", "பாலகொலா",
         "அதிகரட்டி", "கோடநாடு"]

நிறுத்தங்கள் = பலதேடு(ஊர்கள்)
காட்டு(நிறுத்தங்கள்)
```

வேண்டிய ஊரில் நின்று டேப் விசையை அழுத்தினால் அது குறிக்கப்படும். எல்லாம் முடிந்ததும் என்டர். கிடைப்பது ஒரு பட்டியல், அதுவும் நீங்கள் குறித்த வரிசையிலேயே. லாரி போகிற வழியிலேயே குறித்துவிட்டால், வழித்தடமும் தயாராகிவிடும்.

தட்டும் வரியில் சில அடையாளங்களும் செல்லும். ^க என்றால் ககரத்தில் தொடங்கும் ஊர்கள். உயிர்க்குறி தனிக் குறி என்பதால் கூக்கல்தொரையும் கோடநாடும் இதில் வரும். ட்டி$ என்றால் ட்டி என்று முடிபவை. !ட்டி என்றால் ட்டி எங்குமே வராதவை. இடைவெளி விட்டு இரண்டு துண்டு கொடுத்தால், இரண்டும் பொருந்தும் வரிகள் மட்டும் நிற்கும்.

கோப்பிலிருந்து படிக்கும்போது

உண்மையான பட்டியல் பெரும்பாலும் ஒரு கோப்பில் இருக்கும். ஓப்பன் கொண்டு திறக்கும்போது என்கோடிங் என்பதற்கு யுடிஎஃப்-8 என்று கட்டாயம் கொடுங்கள். விண்டோஸில் இதை விட்டுவிட்டால் தமிழ் சிதைந்துவிடலாம். ஒவ்வொரு வரியையும் ஸ்ட்ரிப் செய்து, ஓரத்து இடைவெளிகளை நீக்குங்கள்.

அதோடு யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறால், என்எஃப்சி வடிவத்துக்கு ஒவ்வொரு பெயரையும் மாற்றிவிடுங்கள். பாலகொலாவில் வரும் கொ சில கோப்புகளில் க, ஒகரக் குறி என்று இரண்டு குறிகளாக இருக்கும். வேறு சிலவற்றில் க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாக இருக்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. லென் போட்டுப் பார்த்தால் ஒன்று 2, மற்றொன்று 3. அகர எழுத்துகளை மட்டும் தட்டும்போது இது தெரியாது. ஒருவர் பாலகொலா என்று முழுசாகத் தட்டும்போதுதான் இருக்கிற ஊரே இல்லை என்று காட்டும். என்எஃப்சி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

சில டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும். அது வரைவதில் இருக்கும் குறை மட்டுமே, தேடல் சரியாகவே நடக்கும். கண்ணுக்கு உறுத்தினால் வேறொரு டெர்மினலோ எழுத்துருவோ மாற்றிப் பாருங்கள்.

தேர்ந்தெடுக்காமல் வெளியேறினால்

எஸ்கேப் அழுத்தினால் தேர்வு என்ற மாறியில் நன், அதாவது எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் மதிப்பு, இருக்கலாம். அப்படியே அகராதியில் தேடினால் பிழை வரும். அதனால் இஃப் தேர்வு என்று சோதித்த பிறகே காட்டுங்கள். வெளியேறும்போது கீபோர்ட்இன்டரப்ட் என்ற பிழை எழவும் வாய்ப்பு உண்டு; தேடு வரியை ட்ரைக்குள் வைத்து எக்செப்டில் அதையும் பிடித்துவிட்டால் நிரல் அமைதியாக முடியும்.

எழுத்தே மாறிப்போனால்

இந்த முறை எழுத்தைத் தாண்டும், ஆனால் மாற்றிப் படிக்காது. குண்ணூர் என்று தட்டினால் குன்னூர் வராது. தட்டுகிறவர் எதிரே இருந்தால் இரண்டு எழுத்தை அழித்துவிட்டுப் பார்ப்பார், அது போதும். பழைய பதிவேட்டிலிருந்து ஏற்கனவே எழுதிய பெயர்களைப் பொருத்த வேண்டுமானால், பைத்தானோடு வருகிற டிஃப்லிப் தொகுதியில் கெட் குளோஸ் மேட்சஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. பெயரில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும். இரண்டு சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 0 முதல் 1 வரை அளந்து, 0.6 அல்லது அதற்கு மேல் வருபவற்றில் சிறந்த மூன்றைத் தரும். குண்ணூரும் குன்னூரும் 0.75 பெறுகின்றன.

அந்த மூன்றையும் நேராகப் பதிவேட்டில் ஏற்றிவிடாதீர்கள். அவற்றைத் தேடு செயற்கூறிடம் கொடுத்து, ஊர் தெரிந்த ஒருவரை என்டர் அழுத்தச் சொல்லுங்கள்.