திருகோணமலை நிலாவெளியில் இருந்தபடி ஒரு புறக்கோளை அளப்பது எப்படி?

எச்.டி. 189733 என்ற நட்சத்திரத்துக்கு முன்னால் 2.2186 நாளுக்கு ஒருமுறை ஒரு புறக்கோள், அதாவது சூரியனையல்லாமல் வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள், கடந்துபோகிறது. இதுதான் கடப்பு. அந்த 1.8 மணித்தியாலமும் நட்சத்திர ஒளி ஏறத்தாழ 2.4 சதவீதம் மங்கும். கண்ணுக்குப் பிடிபடாது; டி.எஸ்.எல்.ஆர். கமராவுக்குப் பிடிபடும். நட்சத்திரத்தின் ஒளிர்வெண் 7.7 (எண் கூடக்கூட ஒளி மங்கல்). தொடங்குபவருக்கு இதைவிட வசதியான இலக்கு இல்லை.

கச்சான் வீசும் யூலை முதல் செப்டம்பர் வரைதான் காலம். யூலைக் கடைசியில் நள்ளிரவில் உச்சிக்கு அருகே, 76 பாகை உயரத்தில் நிற்கும். வாடை மழை தொடங்கும்போது நட்சத்திரமும் மேற்கே சரிந்துவிடும்.

முதலில் நேரம். கடப்பு நேரங்களைக் கணித்துத் தரும் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ட்ரான்சிட் ஃபைண்டர் இணையத்தளத்தில் வடக்கு 8.70, கிழக்கு 81.19 என்று கொடுங்கள். உலக நேரத்தில் விடை வந்தால் 5 மணித்தியாலம் 30 நிமிடம் கூட்ட மறக்கவேண்டாம். பலர் கடப்பைத் தவறவிடுவது இதனால்தான். ஒரு நல்ல இரவு கிடைத்தால், 20 நாள் கழித்து 47 நிமிடம் முந்தி அடுத்தது வரும்.

தேவையானவை: 200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், வானச் சுழற்சியோடு கமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர், முக்காலி, இரண்டு பற்றரி. டிராக்கரின் அச்சை வான வடமுனைக்கு நேராக்கும் துருவ ஒழுங்கமைப்புத்தான் இங்கே தலையிடி. வான வடமுனை அடிவானிலிருந்து ஒன்பது பாகைகூட இல்லை. துருவ நட்சத்திரம் தென்னைக்குப் பின்னாலோ கடற்புகாருக்குள்ளோ ஒளிந்துவிடும். வடக்கே மரமில்லாத கரையைத் தேர்ந்து, ஒழுங்கைத் திரும்பத் திரும்பச் சரிபாருங்கள். ஒழுங்கு பிசகினால் நட்சத்திரம் பிக்சல்கள்மேல் நகரும். பிக்சலுக்குப் பிக்சல் உணர்திறன் வேறுபடுவதால் இல்லாத கடப்பு ஒன்று வரைபடத்தில் முளைக்கும்.

அம்பு விண்மீன் குழுவின் நுனியிலிருந்து மூன்று பாகை வடக்கே டம்பெல் நெபுலா என்ற வாயு முகில். அதற்குக் கால் பாகை கிழக்கே நம் நட்சத்திரம். குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் குலைத்து, 10 பிக்சல் அகல வட்டாக்குங்கள். ரோ (கமரா திருத்தாத மூலப்படம்) வடிவம், ஐ.எஸ்.ஓ. 200, 30 செக்கன். நீண்ட நேர இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் வீண். 14 பிட் கமராவில் நட்சத்திரத்தின் உச்சப் பிக்சல் அளவு 10,000ஐத் தாண்டக்கூடாது. கடப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்னே தொடங்கி, முடிந்து ஒரு மணித்தியாலம் வரை எடுங்கள். ஒளி வரைபடத்தில் முன்னும் பின்னும் மட்டமான பகுதி இல்லாமல், கடப்பால் விழும் பள்ளத்தின் ஆழத்தை அளக்கமுடியாது. பிறகு 20 டார்க் (லென்ஸை மூடி எடுக்கும் படம்), 20 ஃபிளாட் (சீராக ஒளிரும் பரப்பின் படம்). உப்புக்காற்று லென்ஸில் படிந்திருந்தாலும் ஃபிளாட் எடுக்கும்வரை துடைக்காதீர்கள்.

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் பச்சை நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஒத்த ஒளிர்வும் நிறமும் உள்ள மூன்று நான்கு நட்சத்திரங்களோடு ஒப்பிடுங்கள். ஒப்பீட்டு நட்சத்திரம் ஒன்றே போதுமென்று நினைத்தால், அதுவே மாறும் நட்சத்திரமாக இருந்து ஏமாற்றலாம். பத்துப் பத்துப் படமாகச் சராசரி எடுத்தால் பள்ளம் தெளியும்.

பள்ளத்தின் ஆழத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால், கோளின் ஆரம் நட்சத்திர ஆரத்தின் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும்: 0.024இன் வர்க்கமூலம் 0.155. சூரியனின் 0.78 மடங்கு ஆரமுள்ள நட்சத்திரம் என்பதால், கோளின் ஆரம் வியாழனைப்போல் சுமார் 1.2 மடங்கு.

ஆனால் அது நட்சத்திரத்திலிருந்து வெறும் 46 இலட்சம் கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது. கோள்கள் பிறக்கும் வாயு, தூசுத் தட்டின் அந்த உட்பகுதியில் பனி உறையாது. பெரும் கோள்கருவுக்கு வேண்டிய திடப்பொருளும் போதாது. பனி உறையும் எல்லைக்கு வெளியே கரு வளர்ந்து, வாயுவை இழுத்துச் சேர்த்து, பிறகு உள்ளே நகர்ந்திருக்கவேண்டும் என்பதே வலுவான விளக்கம். கோளின் பாதை நட்சத்திரச் சுழற்சியோடு ஏறத்தாழ ஒத்துப்போவதால், மற்றக் கோள்கள் உதைத்துத் தள்ளியதைவிடத் தட்டுக்குள்ளேயே மெல்ல நகர்ந்தது என்பது பொருத்தமாகப் படுகிறது; ஆனால் கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குவது போன்ற ஈர்ப்பு விசைகள் பின்னால் நேராக்கியிருக்கவும் கூடும்.

இது கைகூடினால் அடுத்தது எச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தின் கோள்: ஆழம் 1.6 சதவீதம், கடப்பு மூன்று மணித்தியாலம். மூன்றாவது பற்றரியும் எடுத்துப்போங்கள்.