கையைப் பிடித்துத் தாளம் போடாதீர்கள்: எல்லாப் பிள்ளைகளும் இருக்கும் இசை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் இசை வகுப்பைப் பார்க்கப் புது ஆசிரியர்கள் வருவார்கள். சங்கீதம் நன்றாகத் தெரிந்தவர்கள், பிள்ளைகள் மேல் பிரியமும் உள்ளவர்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் சின்ட்ரோம், செவித்திறன் குறை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பு இது. தொடங்கிய காலத்தில் நாங்கள் என்னென்ன செய்தோமோ அதையே இவர்களும் செய்கிறார்கள். அதட்டக் கூடாது, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நம்பிச் செய்கிற தவறுகள்தான் பிள்ளைக்கு அதிகம் கெடுதல் செய்கின்றன.

பிள்ளையின் கையைப் பிடித்து நாமே தாளம் போடுவது

இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பெருமூளை வாதம் உள்ள ஒரு பையன், சக்கர நாற்காலியில் இருப்பவன். மடியில் ஒரு சின்னக் கொட்டு, கையில் குச்சி. பின்னால் நின்ற உதவியாளர் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பாட்டு முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார். ஓர் அடிகூடத் தப்பவில்லை. அரங்கமே கைதட்டியது. பையன் கொட்டைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அந்த உதவியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் அதே பையன் எங்கள் வகுப்புக்கு வந்தான். குச்சியைக் கையில் கொடுத்தால், அதைத் தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டுவான். யாராவது வந்து பிடிக்க வேண்டும் என்று காத்திருப்பான். கொட்டு அடிப்பது என்றால் கையை இன்னொருவரிடம் கொடுப்பது என்று அவனுக்குப் பதிந்துவிட்டது. அதைக் கலைக்க ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு போனது. கூட வந்த அக்கா ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார்: "விட்டா அடிக்கவே மாட்டான் மிஸ்." விட்டால் அடித்தான். ஆனால் தாமதமாக அடித்தான்.

அந்தத் தாமதத்தைக் கவனிக்க வேண்டும். ஆதி தாளத்தை நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு முழுச் சுற்று, 8 விநாடி. ஆவர்த்தனத்துக்கு ஒரே அடி, அதுவும் சமத்தில் (சுற்று தொடங்கும் முதல் தட்டில்) மட்டும் என்று அவனுக்குக் கொடுத்தோம். சமம் வந்ததும் நான் தலையசைப்பேன். அவன் கை எழும், தடுமாறும், முழங்கை ஒருமுறை வெளிப்பக்கம் போய்த் திரும்பும். குச்சி தோலில் விழும்போது சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எல்லாம் எண்ணி முடித்து அடுத்த தட்டுக்கு வந்திருப்போம். முதலில் எல்லோரும் அதைத் தாளம் தப்பியது என்றே நினைத்தோம். நாலைந்து வகுப்பு பொறுமையாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு முறையும் அவன் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் அடிக்கிறான். தாமதம் ஒரே அளவாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் லயம் இருக்கிறது. கட்டளை தசைக்குப் போய்ச் சேரத்தான் நேரமாகிறது. மாற்ற வேண்டியது என் தலையசைப்பின் இடத்தைத்தான்.

அவன் கைக்கு ஏறக்குறைய நான்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. அதனால் சமத்தில் கொடுத்துக்கொண்டிருந்த சைகையை அதற்கு முந்தைய ஆவர்த்தனத்தின் ஐந்தாம் எண்ணிக்கைக்கு, அதாவது லகு (ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும்) முடிந்து திருதத்தின் (ஒரு தட்டும் ஒரு வீச்சும்) தட்டு விழும் இடத்துக்கு மாற்றினேன். அடி சமத்தில் வந்து உட்கார்ந்தது. எப்போதும் கச்சிதமாக அல்ல. சில நாள் உடம்பு இறுகியிருக்கும், அன்று ஐந்து எண்ணிக்கை ஆகும். ஆனால் அது அவன் அடித்த அடி. மணிக்கட்டைப் பிடித்து அடித்த அந்த ஆண்டு விழாவில் இந்தத் தாமதம் யாருக்கும் கேட்டிருக்கவே முடியாது.

உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே தொடுகிறோம் என்பதுதான் விஷயம். கை எழும்பவே இல்லை என்றால் முழங்கைக்குக் கீழே லேசாகத் தாங்குங்கள், விரல்களை விட்டுவிடுங்கள். குச்சி நழுவினால் வெல்க்ரோ பட்டையால் உள்ளங்கையோடு கட்டுங்கள். கொட்டு மடியில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எந்தக் கை நன்றாக அசைகிறதோ அந்தப் பக்கம், அது தானாகப் போய் விழும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பார்வை இல்லாத பிள்ளைக்குத் தாளக் கிரியை (தாளம் எண்ணும் கை அசைவு) சொல்லிக்கொடுக்கும்போது அதன் கையை நம் கைக்குள் வைத்து ஆட்டாமல், நம் கைக்கு மேல் அதன் கையை வைக்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை தானே கையை எடுத்துக்கொள்ளலாம். தொடுவதற்கு முன் "தொடட்டுமா?" என்று கேளுங்கள். பேசாத பிள்ளையிடமும் கேளுங்கள்.

பிள்ளை தானே செய்யும்வரை காத்திருக்கப் பழகுவதற்குத் தீர்மானம், அதாவது ஒரே தாளச் சொல்லை மூன்று முறை சொல்லி முடிக்கும் பகுதி, மிக நல்ல இடம். ததிங்கிணதோம் மூன்று முறை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு முறை வகுப்பு சொல்லட்டும், மூன்றாவது முறையின் "தோம்" ஒருவருக்கு என்று விட்டு வையுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு, பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த குரல் வருகிற கருவியில் அந்த ஒரு சொல்லை வைத்துக் கொடுக்கலாம். "தோம்" வரும்வரை மொத்த வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் "சொல்லுடா, சொல்லுடா" என்று இடையில் புகுந்துவிடாதீர்கள்.

காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைக் கூட்டுவது

சத்தம் கூடினால் தெளிவு கூடுவதில்லை. செவித்துணைக் கருவிகளைப் பேச்சுக்கு ஏற்றபடிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். பெரிய சத்தம் வந்தால் அதை அமுக்கும், நீளமாகப் பிடிக்கும் சுருதியைச் சில சமயம் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். இசைக்குத் தனி அமைப்பு வைக்க முடியுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேட்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். காக்ளியர் இம்பிளான்ட் (அறுவைச் சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் செவிக் கருவி) வைத்த பிள்ளைகளுக்குத் தாளம் நன்றாகவே பிடிபடும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களைப் பிரித்தறிவதுதான் சிரமம். அவர்களிடம் மாயாமாளவகௌளை ராகத்தில் மிக நெருங்கி வரும் ஸ, ரி வித்தியாசத்தைக் கேட்டு நெருக்குவதற்கு முன், தாளத்தை வாயால் சொல்லும் சொல்கட்டில் தொடங்குங்கள்.

மொசைக் தரை அதிர்வைக் கொண்டுபோகாது. உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு மரப்பலகை மேடையில் மிருதங்கத்தை வைத்து, அதே பலகையில் பிள்ளையை வெறுங்காலோடு உட்கார வையுங்கள். மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் நாதம் தொடையில் ஏறும். கடத்தை வயிற்றோடு அணைத்து வாசிக்கச் சொன்னாலும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் தாள வாத்தியக் கலைஞர் எவலின் கிளென்னி 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் வெறுங்காலோடு நின்று அதிர்வை வாங்கித்தான் வாசிக்கிறார்.

சொல்லாமல் கட்டையை (சுருதியின் உயரத்தை) மாற்றுவது

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஸ்வர ஸ்தானம் காதில் அப்படியே நிலைத்திருக்கும். ஐந்து கட்டையில் ஸ என்று கற்றுக்கொண்ட பெண்ணுக்கு, தொண்டை சரியில்லை என்று நீங்கள் நாலரைக்கு இறக்கினால் அது ஸ இல்லை, வேறு ஏதோ ஒன்று. காதைப் பொத்திக்கொண்டு அவள் அழுவதைப் "பிடிவாதம்" என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் கட்டைக்கு ஒரு வண்ண அட்டை வைத்திருக்கிறோம். மாற்றப் போகிறோம் என்றால் முதலில் அட்டை மாறும், பிறகு சுருதிப் பெட்டி. கட்டையை மாற்றுவதே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தவறு. எல்லோரும் பாடும் இடத்தில் அவளும் பாட வேண்டும் என்றால், மெல்ல மெல்லப் பழக்கத்தான் வேண்டும்.

பார்வை இல்லாத பிள்ளைக்குப் பாட்டு தானாக வரும் என்று நம்புவது

வராது. மற்றவர்களைப் போலவே சாதகம் செய்தால் வரும். ஸ்வரக் குறிப்பைத் தமிழ் பிரெய்லில் எழுதிக் கொடுங்கள்; மற்றவர்களிடம் நோட்டு இருக்கும்போது இந்தப் பிள்ளை மட்டும் எல்லாவற்றையும் மனப்பாடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

தலையை ஆட்டி ரசிக்கச் சொல்வது

டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளும் சேரும் இடம் தளர்வாக இருக்கும். டாக்டரிடம் கேட்காமல் வேகமாகத் தலையாட்டும் பாட்டு வேண்டாம்.

பதினாலு வயதுப் பெண்ணிடம் மழலைப் பாட்டு

கூடாது. எளிமையாக்க வேண்டியது பாட்டின் அமைப்பை. அவள் வயதைக் குறைக்காதீர்கள்.

பாட்டு வகுப்பைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்குவது

"கணக்கை முடித்தால்தான் பாட்டு" என்று பேரம் பேசாதீர்கள். பாட்டு வகுப்பும் பாடம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் கல்வியையும் விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. இசை பீரியடில் பிள்ளையைத் தெரபி அறைக்கு அனுப்பும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், கால அட்டவணை போடும்போதே பேசி மாற்றுங்கள். இசையால் பேச்சு வருகிறதா, கவனம் கூடுகிறதா என்று மட்டுமே கேட்பவர்களும் உண்டு. வந்தால் சந்தோஷம். ஆனால் ஆதி தாளம் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து ரூபக தாளம் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மூன்று காலமும் (வேகமும்) முடித்தால்தான் அடுத்தது என்பது

ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நாக்குப் புரளாது, மூச்சு போதாது. அதற்காக வருடக் கணக்கில் அவர்களை அங்கேயே நிறுத்திவைக்காதீர்கள். முதல் காலத்தில் அவர்கள் பிடிக்க, மற்றவர்கள் இரண்டாம் காலத்தில் இரண்டு சுற்றுப் பாடினால் எல்லோரும் ஒரே சமத்துக்கு வந்து சேருவார்கள். நம் சங்கீதத்தின் கணக்கே இதற்கு இடம் கொடுக்கிறது. பிறகு கற்கும் எளிய பாட்டான கீதத்துக்கும் அவர்கள் வரட்டும்.

விழா மேடையை விழா அன்றுதான் காட்டுவது

வகுப்பில் நன்றாகப் பாடும் பிள்ளை மேடையில் உறைந்துபோவதற்குப் பாட்டு காரணமல்ல. மைக்கின் கீச்சொலி, முகத்தில் அடிக்கும் விளக்கு, பாட்டு முடிந்ததும் ஒரே நேரத்தில் எழும் கைதட்டல்தான் காரணம். விழாவுக்கு முன் வரும் வாரத்தில் வெறும் மேடையில் போய் உட்காரட்டும், மறுநாள் விளக்கோடு, அதற்கு மறுநாள் மைக்கோடு. இரைச்சலை அடக்கும் ஹெட்போனோ காது அடைப்பானோ பையில் இருக்கட்டும். கைதட்டலுக்குப் பதில் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைக்கும்படி பார்வையாளர்களிடம் தொகுப்பாளரே சொல்லிவிடலாம்; காது கேளாதவர்கள் பாராட்டுவதும் அப்படித்தான். மேடை நேரம் கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இந்த மூன்று நாள் ஒத்திகையையும் சேர்த்தே எழுதுங்கள். நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால், "தோம்" சொல்லப் போகிற பிள்ளைக்காக இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கேளுங்கள்.